பதினொரு பேர்

எங்கள் தெருவில் அத்தைக்கு ஊசி அத்தை என்று பெயர். எனக்கு அவள் சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. மற்றவர்களுக்கு ஊசியால் உறவானவள். தெருமுனை டாக்டரின் கிளினிக்கில் முப்பத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தாள். வேலையிலிருந்து நின்ற பிறகும், காலையில் இரண்டு மணி நேரம் புண்களுக்குக் கட்டுப் போட டாக்டர் அவளைத்தான் கூப்பிட்டார். மீதி நேரத்தில் தெருவே எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடும். சர்க்கரைக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கை நடுங்கும் கிழவர்கள், எண்ணெய் தெறித்த கையோடு வரும் பெண்கள், ஆணி குத்திய காலோடு நொண்டி வரும் கொத்தனார்கள். வலிக்காது என்று அத்தை யாரிடமும் சொன்னதில்லை. "வலிக்கும். பத்து எண்ணு, முடிஞ்சிடும்" என்பாள். ஏழு வருவதற்குள் முடிந்திருக்கும்.

அப்பாவுக்கும் தெருவில் ஒரு பெயர் இருந்தது. கேப்டன். முடிவெட்டும் கடையில் அவர் நுழைந்தால் நாற்காலியில் இருப்பவர் பாதித் தாடியோடு எழுந்து இடம் கொடுப்பார். அப்பா கேப்டன் இல்லை. படைக் கிடங்கில் பூட்ஸும் கம்பளியும் கொடுத்து வாங்கி வைத்தவர். சண்டை நடந்த இடத்துக்கும் அவருடைய கிடங்குக்கும் நடுவில் இரண்டு மலையும் ஒரு நாள் ரயில் பயணமும் இருந்தன. அதைக் குறைவாகச் சொல்லவில்லை. பூட்ஸ் இல்லாமல் யாரால் நடக்க முடியும்? ஆனால் பூட்ஸ் எண்ணியவரிடம் யாரும் கதை கேட்பதில்லை. அதுதான் அப்பாவுடைய கஷ்டம்.

கதை அத்தையிடம் இருந்தது. அதே போரில், இருபத்து நான்கு வயதில், அவள் சண்டைக்கு நாலு மைல் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கள மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். ஒன்றரை வருடம். திரும்பி வந்தபோது தலைமுடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள். பேன் தொல்லை. வீட்டில் அவளைப் பார்த்து அழுதது அந்த முடிக்காகத்தான் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அது அவளுடைய மாமியார் சொன்ன கதை.

வந்த வருடமே கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். பட்டாளத்தில் இத்தனை ஆண்களுக்கு நடுவில் இருந்தவள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆவது? அதனால் "ஆஸ்பத்திரியில வேலை பார்த்தான்னு மட்டும் சொல்லு. எந்த ஆஸ்பத்திரின்னு அவங்க கேக்க மாட்டாங்க" என்று தாத்தா முடிவு செய்தார். சீருடைத் துணியை வெட்டித் தலையணை உறை தைத்தார்கள். போட்டோக்களைத் தாத்தா எடுத்து எங்கோ வைத்தார். எங்கே என்று அவருக்கும் பிறகு ஞாபகம் இல்லை. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அத்தை தட்டை வைத்துவிட்டு நேராக அவரிடம் சொன்னாளாம்: "நான் பட்டாளத்து நர்ஸ். உங்களுக்குச் சொல்லலைன்னா தெரிஞ்சுக்கங்க." வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. யாரும் தேடவும் இல்லை.

அவளும் ஒருமுறை முன்னாள் வீரர்கள் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள், அடையாள அட்டை கேட்டு. சன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம் இரண்டு விதமான படிவங்கள்தான் இருந்தன. ஒன்று வீரருக்கு. இன்னொன்று வீரரின் விதவைக்கு. அவர் இரண்டாவதை எடுத்து நீட்டி, "வீட்டுக்காரர் எப்ப இறந்தார்மா?" என்று கேட்டார்.

"எனக்குக் கல்யாணமே ஆகலை."

"அப்புறம் எதுக்கும்மா வரிசையில நின்னீங்க?"

அவளுடைய காகிதத்தைக் காட்டினாள். அதில் 'தற்காலிக உதவியாளர்' என்று இருந்தது. நர்ஸ் என்றுகூட இல்லை. குமாஸ்தா நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், மேலதிகாரியைக் கேட்டு வந்தார், தற்காலிகத்தை வீரர் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அத்தை அந்த வருத்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா முதலில் அந்தக் கதையை அத்தையின் கதையாகத்தான் சொல்லியிருக்கிறார். "எங்க வீட்ல ஒருத்தி இருந்தா" என்று ஆரம்பித்திருக்கிறார். கேட்டவர்கள் கேட்ட முதல் கேள்வி, "பொம்பளையா?" என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்குக் கூச்சம். கொஞ்ச நாளில் அது "எங்க ஆளுங்க" ஆனது. பிறகு "நாங்க". நான் பிறந்து கதை கேட்கும் வயது வந்தபோது "நான்" ஆகிவிட்டிருந்தது. எல்லோரையும்போல நானும் வாயைப் பிளந்து கேட்டேன். ஷெல் விழுகிறது, மருத்துவமனையில் பன்னிரண்டு பேர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்கள், அப்பா லாரியோடு போகிறார், பாலத்தைத் தாண்டி அத்தனை பேரையும் கொண்டு வருகிறார். "ஒருத்தனைக்கூட விடலை" என்று முடிப்பார். அந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். அது நடிப்பு இல்லை. சொல்லிச் சொல்லி அவர் அங்கே போயே விட்டிருந்தார்.

எனக்குப் பதினாறு வயதில் கொதிக்கும் சூப்புச் சட்டி கவிழ்ந்து முன்கை வெந்துபோனது. பதினைந்து நாள் அத்தைதான் கட்டு மாற்றினாள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிரிக்கும்போது உயிர் போகும். வலியை மறக்க ஏதாவது பேசுவேன். ஒருநாள் அப்பாவின் கதையை எடுத்தேன்.

"அப்பா பன்னெண்டு பேரைத் தூக்கிட்டு வந்தாரே, அவங்களுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும் இல்ல அத்தை?"

அத்தையின் கை நின்றது. "யாரு? உங்கப்பனா?"

பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் விழித்தேன். சிரித்து முடித்து, இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள். கட்டுப் பாதி அவிழ்ந்த கையோடு நான் கேட்டேன்.

லாரி இல்லை. இருந்த ஒரே ஆம்புலன்ஸில் டாக்டர் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு விடிந்ததுமே போயிருந்தார். திரும்பி வருகிறேன் என்றார், வர முடியவில்லை. மீதி பன்னிரண்டு பேர் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில். அத்தையும் ஒரு சமையல்காரரும் மட்டும். பகல் பதினொரு மணிக்கு ஷெல் பள்ளிக்கூடத்துச் சுவர் மேலேயே விழ ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பீப்பாய் இழுக்கும் இரண்டு சக்கர வண்டி ஒன்று இருந்தது. ஒரு தடவைக்கு இரண்டு பேரைப் படுக்க வைக்கலாம். வாய்க்கால் மரப்பாலம் வரை நானூறு அடி வைத்தால் போதும். பாலத்துக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள்.

"அஞ்சு தடவை போனோம். பத்துப் பேர். அஞ்சாவது தடவை அந்தப் பக்கம் போனதும் சமையல்காரர் தரையில உக்காந்துட்டார். கால் வரலைன்னார். அவரைத் தப்பு சொல்லாத. அஞ்சு தடவை வந்தார் இல்ல?"

அத்தை தனியாகத் திரும்பினாள். இரண்டு பேர் மிச்சம். ஒருவர் கால் போனவர். இன்னொருவர் வயிற்றில் காயம் பட்ட வயர்லெஸ்காரர். ஒருத்தியாக இரண்டு பேரை இழுக்க முடியவில்லை. வண்டி நகரவில்லை. இறக்கினாள். பிழைக்கக்கூடியவர் யார் என்று பார்த்தாள். அது அவள் தினமும் பார்க்கிற வேலைதான்.

"வயர்லெஸ்காரருக்கு முழு நினைவு இருந்துச்சு. நான் யோசிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்தார். 'அவரைக் கூட்டிட்டுப் போங்க சிஸ்டர், அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போவீங்கல்ல?'ன்னார். 'வரேன்'னு சொன்னேன்."

"போனீங்களா?"

"பாலத்தை உடைச்சிட்டாங்க."

"எதிரியா?"

"நம்ம ஆளுங்கதான். எதிரி வந்துடக் கூடாதுன்னு. நான் நம்ம ஆளுங்க பக்கம் கால் வச்சு, வண்டியில இருந்தவரை இறக்கிட்டுத் திரும்புறேன், ரெண்டு பேர் என்னைப் பிடிச்சுக் கீழே அமுக்கிட்டாங்க. அதோட சரி."

அவள் மறுபடி இடுக்கியை எடுத்தாள். நான் அழுதுகொண்டே, அப்பாவிடம் கேட்கப் போகிறேன் என்றேன்.

"கேக்காத. அவன் வச்சுக்கட்டும். அவனுக்கு அது வேணும், எனக்கு வேணாம். யாராவது எடுத்துட்டுப் போனா போதும்னுதான் இருந்துச்சு. ஆனா..." என்று நிறுத்தினாள். "பன்னெண்டுன்னா சொல்றான்?"

"ஆமா."

அத்தை புதுக் கட்டுத் துணியைப் பிரித்தாள். "கையை நீட்டு" என்றாள்.

நானும் கேட்கவில்லை. அவள் கேட்காதே என்றாள், அதனால் கேட்கவில்லை என்று இருபது வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பள்ளியில், பிறகு வேலையில், கேப்டன் மகள் என்றால் ஒரு மரியாதை இருந்தது. அது எனக்கும் பிடித்திருந்தது.

எனக்கு முப்பத்தாறு வயதில் முன்னாள் வீரர்கள் சங்கமும் நகராட்சியும் சேர்ந்து நன்றி விழா ஒன்று நடத்தின. வீரர்கள் ஒவ்வொருவரும் மேடையில் ஏறி ஓர் அனுபவம் சொல்ல வேண்டும். பிறகு அவர்கள் வீட்டில் ஒருவர் எல்லோர் முன்னாலும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நாட்டுக்காக நிற்பவருக்கு நாடு நன்றி சொல்லிவிடும், வீட்டார் சொல்வதில்லை என்று அழைப்பிதழில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் நன்றி சொல்லும் பொறுப்பு எனக்கு. ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். பன்னிரண்டு என்ற எண்ணை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. அப்பா பக்கத்து அறையில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிவிட்டேன்.

ஒரு குடும்பத்துக்கு ஆறு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். அத்தை வரவில்லை என்றுதான் சொன்னாள். அம்மா விடவில்லை. "நம்ம வரிசையில காலி நாற்காலி இருந்தா நல்லாவா இருக்கும் அண்ணி? சும்மா வந்து உக்காருங்க, போதும்" என்றாள். அத்தை கிளினிக்குக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் செருப்போடு வந்து நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

அப்பா நன்றாகப் பேசினார். ஷெல் விழுந்தது, லாரி வந்தது, பாலம் ஆடியது. "பன்னெண்டு பேர். ஒருத்தனைக்கூட விடலை" என்று முடித்தபோது மண்டபமே எழுந்து கை தட்டியது. மேயர் கண்ணைத் துடைத்தார். அறிவிப்பாளர் மைக்கை என் கையில் கொடுத்தார். நான் காகிதத்தைப் பிரித்தேன். கைதட்டல் அடங்கி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அத்தை மட்டும் உட்காரவில்லை.

"பதினொன்னு" என்றாள்.

கத்தவில்லை. கிளினிக்கில் மாத்திரை எண்ணிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னாள். முன் வரிசைகளுக்குத் தெளிவாகக் கேட்டது. அறிவிப்பாளர் குனிந்து பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"பதினொரு பேர்தான் வந்தாங்க. ஒருத்தர் வரலை."

யாரோ சிரித்தார்கள். அறிவிப்பாளர் பதமாக, "அம்மா, போனவர் அவரு. அவருக்குத் தெரியாதா?" என்றார். இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். அத்தை அவரைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

மைக் என் கையில் இருந்தது. இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் குனிந்து காகிதத்தைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் சாய்ந்து, என் கையிலிருந்த மைக்கிலேயே பேசினார்.

"எங்க அக்காதாங்க. வயசாயிடுச்சு. கொஞ்ச நாளா ஞாபகம் தப்புது. நீங்க யாரும் தப்பா எடுத்துக்காதீங்க."

அய்யோ பாவம் என்று மண்டபம் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. அம்மா அத்தையின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். நான் காகிதத்தில் இருந்ததை முழுக்கப் படித்தேன். ஓர் எழுத்துகூட விடவில்லை. "உங்க மகளா பொறந்ததுக்கு நன்றி அப்பா" என்று முடித்தேன். அதற்கும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். "இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்களே அண்ணி! சொந்தத் தம்பிக்கு ஒரு நல்லது நடந்தா உங்களுக்கு ஏன் பொறுக்கலை?"

"கதையை நான் திருப்பிக் கேட்டனா? எண்ணிக்கையைத்தானே சொன்னேன்" என்றாள் அத்தை.

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு ஆளைச் சேர்த்துச் சொன்னா என்னக்கா குடி முழுகிப் போச்சு? நல்லதாத்தானே சொல்றேன். அவனும் பொழைச்சான்னு கேக்குறவங்களுக்குச் சந்தோஷமா இருக்குமில்ல?"

"நீ அவரைக் காப்பாத்திட்டேன்னு சொல்றப்பல்லாம் அவர் அங்க கிடந்ததே இல்லாமப் போகுதுடா. என் கதையை எடுத்துக்க. நான் விட்டுட்டு வந்ததை எடுத்துக்காத."

அப்பா கெட்டவர் இல்லை. அந்த நிமிடத்தில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று சரிந்ததைப் பார்த்தேன். ஆனால் மறுநாள் முடிவெட்டும் கடையில் பத்துப் பேர் அவரைச் சுற்றி நின்றார்கள், சரிந்தது தானாக நிமிர்ந்துகொண்டது.

அவர் மேடையில் சொன்ன மற்றொரு வார்த்தை தெருவில் நடமாட ஆரம்பித்தது. ஞாபகம் தப்புது. முதலில் சர்க்கரைக் கிழவர் ஒருவர் வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். பிறகு எதிர்வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி ஆட்டோ பிடிக்கப் போனாள். "எங்க போற? ஊசிதானே?" என்று அத்தை கேட்டதற்கு, "இல்ல அத்தை, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். போன வாரம்வரை அந்தக் குழந்தைக்கு அத்தை ஊசி போட்டிருக்கிறாள். நாலாவது வாரம் டாக்டரே வீட்டுக்கு வந்தார். சின்ன டாக்டர், அத்தை வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அப்பாதான் டாக்டர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். நோயாளிங்க கேக்குறாங்க. மருந்து மாறிப் போச்சுன்னா என் கிளினிக் பேரு கெடும். நீங்களும் எத்தனை நாள்தான் உழைப்பீங்க? ஓய்வெடுங்க."

"என்னைச் சோதிச்சுப் பாருங்க டாக்டர். எது வேணா கேளுங்க. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு. கேளுங்க."

டாக்டர் கேட்கவில்லை. இப்படிக் கேட்பதே அந்த நோயின் அறிகுறி என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். அன்றும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அத்தைக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது, மேடையில் அப்பா சொன்னது பொய் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் பொய் சொன்னார் என்று கேட்பார். அதற்கு மேல் யோசிக்காமல் அவருக்கு டீ கொண்டு வரப் போனேன்.

ஞாபகம் தப்பாதவளிடம் தினம் நாலு பேர் இன்று என்ன கிழமை என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? அத்தை ஆறு மாதம் பொறுத்தாள். பிறகு நகரத்தின் மறுகோடியில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில், பக்கவாதத்தில் படுத்த முன்னாள் மெக்கானிக் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை பிடித்துக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்தில் அவளை யாருக்கும் தெரியாது. இரண்டு பை. தடுத்தவர்கள் யாரும் இல்லை. அப்பா கடைக்குப் போயிருந்தார். எழுபத்தோரு வயதில் அக்கா வேலைக்குப் போனால் கேப்டனுக்கு மரியாதைக் குறைவு என்பதால், ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது.

ஒரு மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். மெக்கானிக்கின் மகள் வேலைக்குப் போயிருந்தாள். அத்தை அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகக் காட்டினாள். நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன் அத்தை. அந்தப் பதினொரு பேருக்காக. எங்க எல்லாருக்காகவும். நான் மேடையிலயே சொல்லியிருக்கணும், என்னை..."

"இரு. நன்றி சொல்ல வந்தியா, மன்னிப்பு கேக்க வந்தியா? ரெண்டையும் ஒரே பொட்டலமா கட்டிக் கொண்டு வராத." மெக்கானிக்கின் சட்டையை இறக்கிவிட்டாள். "அந்தப் பக்கம் பிடி. இவரைத் திருப்பணும்."

பிடித்தேன். திருப்பினோம். டீ கொடுத்து அனுப்பினாள்.

இரண்டு வருடத்தில் அப்பாவுக்குக் காலில் செருப்புக் கடித்த புண் பெரிதானது. சர்க்கரை. கிளினிக்கின் புது நர்ஸ் மேலோட்டமாகத் துடைத்துக் கட்டி அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். தினமும் சுத்தம் செய்யாவிட்டால் காலே போகும் என்றார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தையல் கடை மாடிக்கு ஏறினாள். மூச்சு வாங்க நின்று, "அண்ணி, நீங்கதான் வரணும்" என்றாள். வேறு ஏதேதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை கேட்டது ஒன்றுதான்.

"புண்ணு என்ன நிறத்துல இருக்கு?"

மறுநாளிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள், அப்பாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். செத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுப்பாள். அரை மணி நேரம். அப்பா ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். பழைய வீடு, தாத்தாவின் கோபம், சின்ன வயதில் இருவரும் சேர்ந்து ஏறி விழுந்த மதில். அத்தை "ம்" என்பாள். எட்டு மணி பஸ்ஸில் போய்விடுவாள். புண் ஆற ஆரம்பித்தது.

ஒருநாள் காலை அவள் வேலையில் இருக்கும்போதே சங்கத்துச் செயலாளர் இரண்டு பேரோடு நலம் விசாரிக்க வந்தார். சங்கக் கூடத்தில் மாட்டப் போகிற அப்பாவின் படத்தைச் சட்டம் போட்டுக் காட்டக் கொண்டு வந்திருந்தார். கீழே எழுதியிருந்தது: பன்னிரண்டு உயிர்களைக் காத்தவர். கூட வந்தவர்களில் ஒருவர் புது ஆள். "ஐயா வாயால ஒருதரம் கேக்கணும்" என்று கெஞ்சினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்ல மாட்டார் என்று உண்மையாகவே நம்பினேன். அவர் கால் அத்தையின் மடியில் இருந்தது. அவர் ஒருமுறை அவளுடைய தலையைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். ஷெல், லாரி, பாலம். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. அத்தை தலை நிமிரவில்லை. கத்தரி ஒரே சீராக நகர்ந்தது. "பன்னெண்டு பேர்" என்றபோதும் நிற்கவில்லை.

வந்தவர்கள் போனார்கள். அப்பா, நான் கேட்டிராத ஒரு குரலில், "நன்றிக்கா" என்றார்.

"காலை ஆட்டாத" என்றாள் அத்தை.

எட்டு மாதம் வந்தாள். கால் பிழைத்தது. அப்பா பிழைக்கவில்லை, நெஞ்சுவலியில் ஒரு பிற்பகலில் போனார். சங்கத்தார் கொடி கொண்டு வந்து போர்த்தினார்கள், வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். அத்தை வந்தாள், தம்பியின் நெற்றியைத் தொட்டாள், அழுதாள். செயலாளர் அவளிடம் குனிந்து, "இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா" என்றார்.

எனக்கு அது தாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அத்தையின் தற்காலிக உதவியாளர் காகிதத்தின் நகலோடு சங்கத்துக்குப் போனேன். நடந்த எல்லாவற்றையும் செயலாளரிடம் சொன்னேன். மேடையில் நான் வாயை மூடி நின்றதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா. ஆனா இந்தக் காகிதத்துல ஒண்ணுமே இல்லையே. உங்க அப்பா சொன்னதுக்கு முந்நூறு பேர் சாட்சி. இதுக்கு யார் சாட்சி?"

"அத்தை இருக்காங்க."

"அவங்களுக்கு ஞாபகம் தப்புதுன்னு உங்க அப்பாவே சொன்னாரேம்மா. நீங்களும் பக்கத்துல நின்னீங்க." பிறகு மெல்லச் சொன்னார்: "போனவரைப் பொய்யர்னு சொல்ல வேணாம். விட்டுடுங்க."

சுவரில் அப்பா எங்களுக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராகத் தையல் கடை மாடிக்குப் போனேன். கதவு நிலையிலேயே நின்று அழுதுகொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அத்தை கையில் மடித்த படுக்கை விரிப்போடு கேட்டாள். அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"உன்னை யாரு அங்க போகச் சொன்னது? நான் கேட்டனா?"

"உங்களுக்காகத்தான் அத்தை..."

"எனக்காக மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்காக மேடையில ஒண்ணு சொன்னாங்க. எனக்காக ஓய்வெடுக்கச் சொன்னாங்க. இப்ப நீ. ஒரு தடவையாவது என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. எனக்குப் பதினாறு வயதில் அவள் தானாகச் சொன்னதோடு சரி. அந்த வயர்லெஸ்காரர் எந்த ஊர், அவர் வீட்டுக்கு யாராவது எழுதினார்களா, பிழைத்த பதினொரு பேரில் ஒருவராவது பிறகு அவளைத் தேடி வந்தாரா, எதையும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

உள்ளே மெக்கானிக் கட்டிலைத் தட்டினார். அத்தை, "போயிட்டு வா. இவருக்கு விரிப்பு மாத்தணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.